மூச்சில் மதுவை அளந்த வரலாறு

1897 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10 ஆம் நாள் இலண்டன் மாநகரின் நியூ பொன்ட் வீதியில், மின்சாரத்தால் இயங்கும் வாடகை வண்டியொன்று ஒரு கட்டடத்தின்மீது மோதியது. வண்டியைச் செலுத்தியவர் ஜோர்ஜ் சிமித் என்பவர். அவர் மது அருந்தியிருந்தமையை நீதிமன்றில் ஒப்புக்கொண்டு தண்டமும் செலுத்தினார். மதுமயக்கத்தில் மோட்டார் வண்டி ஓட்டிய குற்றத்திற்காக முதன்முதல் தண்டிக்கப்பட்டவர் அவரே என்பர். அவர் அதனை ஒப்புக்கொள்ளாது மறுத்திருந்தால் நீதிமன்றம் யாது செய்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. குதிரை, மாடு, வண்டி, நீராவி எந்திரம் ஆகியவற்றை மதுமயக்கத்திற் செலுத்துதலை 1872 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. ஆயினும் மயக்கம் எது, தெளிவு எது எனப் பகுத்தறிவதற்கு அச்சட்டம் அளவுகோல் எதனையும் வகுத்திலது. நடை தளர்ந்ததா, நாக் குழறியதா, வாயில் மணம் வீசியதா என்பனவே அக்காலச் சான்றுகள். நோயுற்றோன் தள்ளாடுதலும் உண்டு. குடித்துப் பழகியோன் நிலைதளராது நிற்றலும் உண்டு. எனவே கண்டோர் கருத்தையே நம்பி ஒருவனைத் தண்டித்தலும் விடுத்தலும் நீதிக்கு இடையூறாயின.

இவ்விடையூற்றை நீக்குதற்கு எழுந்த கருவியே மூச்சுமானி. காவலரின் கைக்கருவியாகத் தோன்றிய அது, இன்று குடிப்பவர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு பொருளாகிவிட்டது. கருவி கைமாறிய இவ்வரலாற்றில், அதனைக் கையாளுதற்குரிய விதிகளும் உடன் கைமாறினவா என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

அறிவியலின் அடித்தளம்

அருந்திய மதுசாரத்தின் பெரும்பகுதி ஈரலில் அழிகின்றது. ஒரு சிறுபகுதி மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறுகின்றது. மூச்சில் மதுசாரம் வெளிப்படுதலை ஆங்கில மருத்துவராகிய பிரான்சிஸ் அன்ஸ்ரி 1874 இல் ஆராய்ந்து கூறினார். ஆயின் மூச்சிலுள்ள அளவைக்கொண்டு குருதியிலுள்ள அளவை எவ்வாறு அறிவது? இதற்குரிய விதியை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே வில்லியம் ஹென்றி கண்டறிந்திருந்தார். ஒரு வாயு திரவமொன்றிற் கரையும் அளவு, அத்திரவத்தின் மேலுள்ள அவ்வாயுவின் அமுக்கத்திற்கு நேர்விகிதமாக இருக்கும் என்பது 1803 இல் அவர் கூறிய விதியாகும். நுரையீரலின் நுண்ணறைகளிற் குருதியும் காற்றும் மெல்லிய சவ்வொன்றினாலேயே பிரிக்கப்பட்டுள்ளன. ஆதலால் குருதியில் மதுசாரம் மிகுந்தால் அங்குள்ள காற்றிலும் அது அதே விகிதத்தில் மிகும். ஏறத்தாழ 2100 மில்லிலீற்றர் ஆழ்மூச்சிலுள்ள மதுசாரமும் 1 மில்லிலீற்றர் குருதியிலுள்ள மதுசாரமும் சமம் எனப் பிற்காலத்தார் கொண்டனர். இவ்விகிதம் ஆளுக்காள் சிறிது வேறுபடும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சுவீடன் தேசத்தவரான எரிக் விட்மார்க் 1922 இல், விரல்நுனியிலிருந்து எடுத்த சில துளிக் குருதியைக்கொண்டு மதுசாரத்தை அளக்கும் முறையை வகுத்தார். மதுசாரம் உடலிலிருந்து ஏறக்குறைய மாறா வீதத்தில் நீங்குகின்றது என்பதையும் அவர் ஆய்வுகள் நிலைநாட்டின. 1927 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து எமில் போகன் என்பார், உதைபந்தின் உட்பையை ஊதச்செய்து, அதில் நிரம்பிய மூச்சைச் சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் இருகுரோமேற்றும் கலந்த கரைசலினூடு செலுத்தினார். மஞ்சட்கரைசல் பச்சையாக மாறிய தரத்தைக்கொண்டு அவர் மதுசாரத்தை மதிப்பிட்டார்.

ஆய்வுகூடத்திலிருந்து வீதிக்கு

இம்முறையை வீதிக்குக் கொணர்ந்தவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இந்தியானாப் பல்கலைக்கழகத்து உயிரிரசாயனப் பேராசிரியர் ரொல்லா ஹார்கர் ஆவார். 1931 இல் அவர் அமைத்த கருவியில், ஊதப்பட்ட பலூனின் காற்று அமிலங் கலந்த பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலினூடு சென்றது. மதுசாரம் அக்கரைசலின் ஊதாநிறத்தை நீக்கிற்று. 1936 இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1938 ஆம் ஆண்டின் இறுதி இரவில், புத்தாண்டுக் களியாட்டம் நிகழ்ந்த இந்தியானாபொலிஸ் நகரில் பொலிசார் அதனைப் பயன்படுத்தினர். ஆயினும் அது நுணுக்கமாகக் கையாளவேண்டிய கருவி. அதனை இடம்பெயர்த்தலும் எளிதன்று. பெறுபேற்றைக் கணித்தற்குப் பயிற்சியும் வேண்டியிருந்தது.

ஹார்கரோடு பழகிய ரொபேட் போர்கென்ஸ்ரைன் என்பார் இந்தியானா மாநிலப் பொலிஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர்; புகைப்படக் கலையிலும் வல்லவர். 1954 இல் அவர் அமைத்த கருவியே ‘பிறெத்தலைசர்’ என்னும் பெயரை உலகறியச் செய்தது. ஊதும் மூச்சின் முற்பகுதியை அது வெளியேவிட்டு, இறுதியில் வரும் ஆழ்மூச்சில் 52.5 மில்லிலீற்றரை மட்டும் பிடித்துவைக்கும். இது முன்னர்க் கூறிய 2100 இல் நாற்பதில் ஒரு பங்காகும். அம்மூச்சு பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலினூடு செல்ல, நிறம் மங்கும் அளவை இரு ஒளிக்கலங்கள் ஒப்பிட்டுக் காட்டின. கண்ணால் நிறத்தை மதிப்பிடும் நிலை இதனால் ஒழிந்தது.

இக்கருவியோடு சில விதிகளும் பிறந்தன என்பதே இங்கு முக்கியமாகக் கருதற்பாலது. ஒருவர் குடித்து முடித்தவுடன் ஊதினால், வாயில் எஞ்சிய மதுசாரம் நுரையீரற் காற்றோடு கலந்து பொய்யான பேரளவைக் காட்டும். ஆகையால் சோதனைக்கு முன்னர்க் குறைந்தது 15 நிமிடம் அவரை உண்ணாமலும் குடியாமலும் காத்திருக்கச் செய்தல் வழக்கமாயிற்று. அளவறிந்த மதுசார ஆவியைச் செலுத்திக் கருவியின் செம்மையைச் சோதித்தலும், பயிற்சி பெற்றவரே அதனை இயக்குதலும் அவ்வாறே வழக்கமாயின. எண்ணைக் காட்டியது கருவி; அவ்வெண்ணை நம்பத்தக்கதாக்கியவை இவ்விதிகளே.

எல்லை வகுத்தல்

அளக்கும் வழி பிறந்தபின், எவ்வளவு குற்றம் என்னும் வினா எழுந்தது. 1936 இல் நோர்வே, 100 மில்லிலீற்றர் குருதியில் 50 மில்லிகிராம் மதுசாரத்தை எல்லையாக விதித்து முன்னோடியாயிற்று. 1941 இல் சுவீடன் 80 மில்லிகிராமை விதித்தது. 1939 இல் இந்தியானா மாநிலம் வகுத்த சட்டமோ 150 மில்லிகிராமை எட்டியவரையே மயக்கமுற்றவராகக் கருதியது. இவ்வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு ஊகம் போதாது; சான்று வேண்டும்.

அச்சான்றைத் தேடியவரும் போர்கென்ஸ்ரைனே. 1962, 1963 ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில், விபத்துக்குள்ளான ஏறத்தாழ 6,000 சாரதிகளின் மூச்சையும், விபத்துக்குள்ளாகாது அதே வீதிகளிற் சென்ற 7,500 பேருக்கு மேற்பட்டோரின் மூச்சையும் அவர் குழுவினர் சோதித்தனர். 1964 இல் வெளிவந்த அறிக்கையின்படி, குருதியில் 60 மில்லிகிராம் உள்ளபோது விபத்து நிகழுந் தகவு ஏறத்தாழ இருமடங்காகும். 100 இல் அது ஆறேழு மடங்காகும். 150 இல் 25 மடங்காகும்.

இவ்வறிக்கையில் ஒரு விந்தையும் காணப்பட்டது. மிகச் சிறிதளவு குடித்தோர், குடியாதாரினுங் குறைவாக விபத்துக்குள்ளானோர்போலத் தோன்றினர். சிறிது குடித்தல் சாரதிக்கு நன்மை பயக்கும் எனச் சிலர் மகிழவும் கூடும். ஆயின் ஒப்பிடப்பட்ட கூட்டத்தினர் வயதிலும் குடிப்பழக்கத்திலும் தம்முள் வேறுபட்டிருந்தமையே அத்தோற்றத்திற்குக் காரணமெனப் பின்னை ஆராய்ச்சி விளக்கிற்று. ஒத்தாரை ஒத்தாரோடு ஒப்பிட்டபோது அந்நன்மை மறைந்துபோயிற்று. எண் பொய் சொல்லாதெனினும், அதனைப் படிப்பவர் தமக்கு வேண்டியதையே அதிற் காணக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிரித்தானியாவில் 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம் 80 மில்லிகிராமை எல்லையாக்கியது. போக்குவரத்து அமைச்சராயிருந்த பார்பரா காசில் அம்மையார் பலத்த எதிர்ப்புக்கிடையே அதனை நிறைவேற்றினார். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் முதல், மஞ்சட் பளிங்குத் துகள்கள் நிரம்பிய கண்ணாடிக் குழாயினூடு பையொன்றை ஊதுமாறு சாரதிகள் கேட்கப்பட்டனர். பச்சைநிறம் குறித்த கோட்டைத் தாண்டினால், குருதியோ சிறுநீரோ பொலிஸ் நிலையத்தில் எடுக்கப்பட்டது. முதல் மாதங்களில் இராக்கால விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆயின் சோதிக்கப்படும் வாய்ப்புக் குறைவு என்பதைச் சாரதிகள் நாளடைவில் உணரவே, அந்நன்மையும் படிப்படியாகத் தேய்ந்தது. கருவி ஒன்று உளதென்னும் அச்சம் மனிதரைச் சிறிது காலமே திருத்தும் என்பது இதனாற் புலனாகும்.

குடிப்பவர் கைக்கு வந்தமை

காவலருக்குரிய கருவியைக் குடிப்பவருக்கும் உதவச் செய்யலாம் என எண்ணியவருள் போர்கென்ஸ்ரைனும் ஒருவர். 1970 அளவில், நாணயமிட்டால் ஊதுகுழல் ஒன்றைத் தரும் பொறியை மதுச்சாலைகளுக்கென அவர் உருவாக்கினார். குறைந்த அளவைக் காட்டினால் கவனமாக ஓட்டும்படியும், இடைப்பட்ட அளவாயின் நடந்து செல்லும்படியும், மிகுந்த அளவாயின் பிறர் ஓட்டும் வண்டியில் ஏறிச்செல்லும்படியும் அது அறிவித்தது. இற்றை நாளின் தனியார் மூச்சுமானிக்கு அதனையே முன்னோடி எனலாம்.

கருவி கையடக்கமாதற்கு இரு கண்டுபிடிப்புகள் துணைசெய்தன. ஒன்று எரிபொருட்கலம். 1839 இல் வேல்சு நாட்டவரான வில்லியம் குறோவ் இதன் அடிப்படையைக் காட்டினார். பிளாற்றினத் தகட்டிற் படும் மதுசாரம் அசற்றிக்கமிலமாக ஒட்சியேற்றப்படுகையில் மின்னோட்டம் எழும். அம்மின்னின் அளவே மதுசாரத்தின் அளவைக் காட்டும். 1970களில் வேல்சின் தலைநகராகிய கார்டிவ் நகரில் தொம் பரி யோன்ஸ் என்னும் இரசாயனவியலாளரும் அவர் கூட்டாளிகளும் இதனைக் கையடக்க மூச்சுமானியாக்கினர். மற்றையது குறைகடத்தி உணரி. 1962 இல் யப்பானியராகிய நவோயோசி தகுச்சி, சமையல்வாயுக் கசிவை அறிவிக்கும்பொருட்டு உலோக ஒட்சைட்டினாலான உணரியைக் கண்டுபிடித்தார். வெள்ளீய ஒட்சைட்டைச் சூடாக்கி வைத்தால், எரியத்தக்க வாயு படுந்தோறும் அதன் மின்தடை மாறும். விலை மலிவான மூச்சுமானிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

அவ்வுணரியின் பிறப்பே அதன் குறையையும் காட்டுகின்றது. பல வாயுக்களையும் உணர்வதற்கென அமைந்த பொருள் மதுசாரத்தை மாத்திரம் பிரித்தறியாது. நீரிழிவு நோயாளரின் மூச்சிலும் நெடுநேரம் உண்ணாதிருப்போர் மூச்சிலும் தோன்றும் அசற்றோனையும் அது மதுசாரமெனக் கணக்கிடலாம். ஈரப்பதனும் வெப்பமும் அதன் அளவை மாற்றும். காலஞ்செல்லச் செல்ல அது தன் செம்மையையும் இழக்கும். எரிபொருட்கலம் அசற்றோனாற் பெரிதும் மயங்காது; செம்மையும் நெடுநாள் நிலைக்கும். ஆயினும் அதுவும் உரிய காலத்தில் திருத்தம் வேண்டுவதே.

2012 ஆம் ஆண்டு யூலை மாதம் முதல், மோட்டார் வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரும் மூச்சுமானியொன்றை வண்டியில் வைத்திருத்தல் வேண்டுமெனப் பிரான்சு விதித்தது. தவறினோர்க்கு 11 யூரோ தண்டம் எனவும் குறிக்கப்பட்டது. எனினும் அத்தண்டம் முதலிற் பிற்போடப்பட்டு, 2013 இன் தொடக்கத்திற் கைவிடப்பட்டது. 2020 இல் அவ்விதியே நீக்கப்பட்டது. வண்டியில் வைத்திருக்குமாறு கட்டளையிடலாம். குடித்தவர் அதனை எடுத்து ஊதி, கண்ட அளவுக்கு அமைந்து நடத்தலைக் கட்டளையால் உண்டாக்குதல் அரிது.

கைத்தொலைபேசியோடு இணையும் மூச்சுமானிகளும் பின்னர்த் தோன்றின. 2017 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, அத்தகைய கருவிகளை விற்ற கலிபோர்னிய நிறுவனமொன்றின்மீது குற்றஞ்சாட்டியது. செம்மை போதியவாறு சோதிக்கப்படாதிருக்கச் சோதிக்கப்பட்டதென விளம்பரஞ் செய்தமையும், ஒரு கருவி குருதியின் மதுசாரத்தைக் குறைத்துக் காட்டியதை அறிந்திருந்தமையும் அக்குற்றச்சாட்டின் சாரம். நிறுவனம் இணக்கத்திற்கு வந்து, வாங்கியோர்க்குப் பணத்தை மீளளிக்க ஒப்புக்கொண்டது. மிகுத்துக் காட்டும் கருவியால் ஒருவர் வாடகை வண்டிக்குப் பணம் இழப்பர். குறைத்துக் காட்டும் கருவியால் உயிர் இழக்கப்படலாம். இழப்பவர் வீதியோரத்தில் நடந்துசென்ற பிறிதொருவராகவும் இருக்கலாம்.

வரலாறு கற்பிக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து, மூச்சுமானியைத் தெரிதற்கும் கையாளுதற்கும் உரிய நெறிகள் தாமே பெறப்படுகின்றன. வாங்குவோர் முதலில் உணரி எவ்வகையினது என்பதை அறிதல் வேண்டும். விலை மிகினும் எரிபொருட்கலமே ஏற்றது. இரண்டாவதாக, விளம்பரத்தை விடுத்து, சுதந்திரமான நியமமொன்றுக்கு அமையச் சோதிக்கப்பட்டதா எனப் பார்த்தல் வேண்டும். ஐரோப்பாவில் பொதுமக்கள் மூச்சுமானிகளுக்கென 16280 என்னும் எண்ணுடைய நியமம் உண்டு. அமெரிக்காவிலே தேவைக்கமைந்த கருவிகளின் பட்டியலை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடுகின்றது. மூன்றாவதாக, நியம அளவோடு ஒப்பிட்டுத் திருத்தும் வசதி தம் நாட்டில் உண்டா என்பதை விசாரித்தல் வேண்டும். செய்தோர் குறிக்கும் காலவெல்லை பெரும்பாலும் ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். திருத்த வழியற்ற கருவி, படிக்கல் தேய்ந்த தராசு போல்வது. நான்காவதாக, கருவி காட்டும் அலகை அறிதல் வேண்டும். 100 மில்லிலீற்றர் குருதியில் 50 மில்லிகிராம் என்பதை ஒரு கருவி 0.05 எனவும், மற்றொன்று 0.5 எனவும், மூச்சளவிற் காட்டும் பிறிதொன்று 0.25 எனவும் காட்டும். அலகறியாதார்க்கு 0.25 என்பது அற்பமாகத் தோன்றலாம்.

கையாளும் முறையிலும் பழைய விதிகள் மாறவில்லை. இறுதியாகக் குடித்தபின் 15 முதல் 20 நிமிடம் கழித்தே ஊதுதல் வேண்டும். மதுசாரங் கலந்த வாய்கழுவி பாவித்தோர்க்கும் இதுவே விதி. புகைபிடித்தவுடன் ஊதலாகாது. ஆழ்மூச்சு வருமளவும் இடையறாது ஊதுதல் வேண்டும். மேலோட்டமாக ஊதினால் எண் குறைந்தே தோன்றும். சில நிமிடம் விட்டு மறுமுறையும் ஊதி ஒப்பிடுதல் நன்று.

இவற்றினும் முக்கியமானது காலத்தை உணர்தல். குடித்த மதுசாரம் முழுவதும் குருதியிற் சேர அரைமணி முதல் ஒன்றரை மணி நேரமுஞ் செல்லலாம். இப்பொழுது 60 எனக் காட்டும் ஒருவர், வண்டியை எடுத்து வீதியிற் செல்லும்பொழுது 85 ஐ அடையக்கூடும். நீங்குதலோ மெதுவாகவே நிகழும். சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவே குறையும். நள்ளிரவில் 180 ஐ எட்டியவர் உறங்கி எழுந்து காலை 7 மணிக்குப் புறப்படுவாராயின், அவர் குருதியில் அப்பொழுதும் 75 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். கோப்பியோ குளிர்ந்த நீராடலோ இந்நேரத்தைக் குறைக்கமாட்டா. மறுநாட் காலையிலே தம்மைத் தெளிந்தவராக எண்ணுவோரை எச்சரித்தலிலேயே இக்கருவி மிகவும் பயன்படும்.

எல்லைக்குச் சற்றுக் குறைந்த எண்ணை உத்தரவுச்சீட்டாகக் கொள்ளலும் தவறு. ஸ்கொற்லாந்து 2014 இன் இறுதியிலும், அமெரிக்காவின் யூற்றா மாநிலம் 2018 இன் இறுதியிலும் 80 ஐ விடுத்து 50 ஐ எல்லையாக்கின. மனிதவுடல் அந்நாள்களில் மாறிவிடவில்லை. எல்லைக்குக் கீழும் இடருண்டு என்பது முன்னரே கிராண்ட் ரப்பிட்சிற் கண்ட உண்மை. மேலும், பொலிசாரின் கருவி வேறெண்ணைக் காட்டுமாயின், தன் கைக்கருவி காட்டிய எண் நீதிமன்றில் ஒருவரைக் காப்பாற்றமாட்டாது.

எனவே தனியார் மூச்சுமானியால் ஒருவர் பெறத்தக்க விடை ஒன்றே. அது மதுசாரத்தைக் காட்டுமாயின் வண்டி ஓட்டலாகாது. காட்டாவிடினும், தளர்ச்சியோ நித்திரை மயக்கமோ உள்ளவர் ஓட்டலாகாது. எவ்வளவு குடிக்கலாம் என ஆராய்வதற்கு அதனைக் கையிலெடுப்பவர், அதனைக் கண்டுபிடித்தோர் நோக்கத்தையே தலைகீழாக்குகின்றார். குடியாமையே சிறந்ததென நம் முன்னோர் வகுத்த அறத்திற்கு இக்கருவி ஈடாகமாட்டாது. அவ்வறத்தினின்று வழுவியவரால் அயலவர்க்குத் தீங்கு நேராவண்ணம் தடுத்தற்குரிய துணையே அது.

போர்கென்ஸ்ரைனின் காலத்திலே கருவியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தவரும், செம்மையைச் சோதித்தவரும், எண்ணின் பொருளை விளக்கியவரும் அவரே. இன்று அவ்விடத்தில் எவரும் இலர். ஊதுபவரே அலுவலர், ஊதுபவரே சோதிக்கப்படுபவர், தீர்ப்பளிப்பவரும் அவரே. மதுவால் மங்கிய அறிவே தீர்ப்பளிக்கவேண்டிய நிலை அது. ஆதலால் இராவில் வீடு திரும்பும் வழியைக் குடிப்பதற்கு முன்னரே, தெளிந்த அறிவோடு தீர்மானித்துவிடுதல் இக்கருவியைப் பயன்படுத்துவோர்க்கு முதற்கடமையாகும்.